பீரில் பெருங்காய வாடை

ஜன்னல் பக்கம் நீங்க உக்காந்துக்கங்க சார். இல்ல, எனக்கு வேணாம். காத்து ஆகாது எனக்கு, அதான். பையா? மடியிலயே இருக்கட்டும். கண்டக்டர் ரெண்டு தடவை சொல்லிட்டான், மேல வைங்க பெரியவரேன்னு. என் பை மேல அவனுக்கு என்ன அம்புட்டு அக்கறை? அதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.

நீங்க எதுவரைக்கும்? தென்காசியா. சொந்த ஊரே தென்காசியா, இல்ல வாசுதேவநல்லூர்ப் பக்கம் சொந்தக்காரங்க யாரும் இருக்காங்களா? ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் திருமலையப்பன்னு ஒருத்தரை... தெரியாதா? நிஜமாத் தெரியாதா? சரி. தப்பா நினைக்காதீங்க. நான் சந்தேகப்படுற ஆள் இல்ல சார். கவனிக்கிற ஆள். அவருக்கு வேண்டப்பட்டவர் யாராவது பக்கத்துல உக்காந்து, நான் சொல்றதை எல்லாம் வாங்கிக்கிட்டு எனக்கு முன்னால போய் ஒப்பிச்சுட்டா?

அவர் என் சம்பந்தி. என் மகன் பிரபாகருக்குப் பொண்ணு கொடுத்தவர். அவரைக் கூட்டிட்டு வரத்தான் போறேன். போன்ல நான் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கிறார். மருமக சுபா ஆறு மாசம். மெல்போர்ன்ல இருக்காங்க ரெண்டு பேரும். நானும் என் வீட்டுக்காரியும் அங்கிட்டுதான் ஒரு வருஷமா இருக்கோம். அடுத்த மாசம் வளைகாப்பு. தாயில்லாப் பொண்ணு சார் அது. "எங்கப்பா வராம என் கையில ஒரு வளையல் ஏறாது மாமா. நீங்க விரட்டினீங்க, நீங்களே கூட்டிட்டு வாங்க"ன்னு சொல்லிருச்சு. அதுதான் அது என்கிட்டப் பேசின கடைசிப் பேச்சு. அதுக்கப்புறம் சோத்தை வைக்கும், தண்ணியை வைக்கும், வாயைத் திறக்காது. முந்தாநாள் பிளைட் ஏறி, நேத்து மதுரை வந்து, இன்னைக்கு இந்த பஸ்.

என்ன சண்டைன்னு கேக்க மாட்டேங்கிறீங்களே. கேக்கலாம்.

பீர் சார். சிரிக்காதீங்க. கடை பீர் இல்ல, வீட்டுல காய்ச்சுற பீர். அங்கிட்டு அது தப்பில்ல. நம்ம ஊர்ல மொட்டை மாடியில வத்தல் போடுற மாதிரி அவங்க கராஜுல பீர் போடுறாய்ங்க. போன புரட்டாசியில என் மகன் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டாந்து வெச்சான். "நீங்களும் மாமாவும் நாள் பூரா ரிமோட்டுக்கு அடிச்சுக்கிறீங்க. இதைப் பண்ணுங்கப்பா, பொழுது போகும்"னான். திறந்து பாத்தா மூடி போட்ட பெரிய வாளி, ஒரு டப்பாவுல பாகு, ஒரு பொட்டலம் ஈஸ்ட், அப்புறம் ஹாப்ஸ்னு ஒரு காஞ்ச பூ. அந்தப் பூதான் பீருக்குக் கசப்பும் மணமும். பாகைக் கரைச்சு, பூவைப் போட்டுக் கொதிக்க விட்டு, ஆறினதும் ஈஸ்டைத் தூவி மூடிரணும். மறுநாளே மூடியில இருக்கிற குழாய் டுபுக் டுபுக்குனு பேச ஆரம்பிச்சுரும். ரெண்டு வாரம் புளிக்கும். அடங்கினதும் பாட்டில்ல அடைச்சு, துளி சர்க்கரை போட்டு, இன்னும் ரெண்டு வாரம் விட்டா நுரை கட்டிரும். அம்புட்டுதான் வித்தை.

சம்பந்தி கழுவுவார், அளப்பார், பாட்டிலுக்கு மூடி அடிப்பார், தேதி எழுதி ஒட்டுவார். போஸ்டாபீஸ் கை, எழுத்து முத்து முத்தா இருக்கும். நான் மோந்து பாப்பேன். மூக்கு என் டிபார்ட்மெண்ட்.

ஏன்னு கேளுங்க. மதுரையில ஒரு பெருங்காயக் கம்பெனியில முப்பத்தோரு வருஷம் வேலை பாத்தவன் நான். கலவை பாக்குறது. பால் காயம், கட்டிக் காயம், பொடின்னு கண்ணைக் கட்டிக்கிட்டுச் சொல்லுவேன். எத்தனை பங்கு கோந்து, எத்தனை பங்கு மாவுன்னு சொல்லுவேன். முதலாளியே சொல்லுவார், "ரத்தினவேல் மூக்கு இருக்கிறப்ப எனக்கு எதுக்குய்யா மிஷினு"ன்னு. இந்த மூக்கு ஒரு தடவை கூடத் தோத்ததில்ல. இதை மனசுல வெச்சுக்கங்க.

முதல் வாளி அருமையா வந்துச்சு. எல்லாமே பழுப்பு பாட்டில், அட்டைப்பெட்டியில அடுக்கி கராஜ் மூலையில வெச்சோம். ஒரு ஞாயித்துக்கிழமை மகனோட சிநேகிதப் பிள்ளைங்க வந்து குடிச்சுட்டு, "அங்கிள், கடை பீரெல்லாம் கிட்டயே வர முடியாது"ன்னாய்ங்க. யாரைப் பாத்துச் சொன்னாய்ங்க? என்னைப் பாத்து. அப்ப சம்பந்தி மூஞ்சியைக் கவனிச்சேன். சிரிச்சார். சிரிச்சார்தான், ஆனா அந்தச் சிரிப்பு ரெண்டு செகண்டு அதிகமா இருந்துச்சு.

ரெண்டாவது வாளி. அடைக்கும்போது மோந்தேன், பழுதில்லை. பழுப்பு பாட்டில் பத்தலை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரம்மா பன்னெண்டு பச்சை பாட்டில் கொடுத்துச்சு. பெட்டியில இடமில்லாம பச்சையை மட்டும் கராஜ் ஜன்னல் திட்டுல வரிசையா நிறுத்தினோம். ரெண்டு வாரம் கழிச்சுத் திறக்கிறோம். பழுப்பு பாட்டில் கம்முனு மணக்குது. பச்சையைத் திறந்தேன். திறந்ததும் மூக்குல அடிச்சுச்சு சார்.

காயம்.

சத்தியமா காயம். அதுவும் மட்டமான காயம், ஈரத்துல கிடந்த காயம். ஒண்ணு விடாம பன்னெண்டுலயும்.

நான் உடனே யார் மேலயும் பழி போடலை. முறைப்படி போனேன். பெட்டியோட ஒரு சின்னப் புத்தகம் வந்துச்சு, புளிச்சதுக்கப்புறம் கெட்ட வாடை வந்தா என்ன காரணம்னு. மகனை உக்கார வெச்சுத் தமிழ்ல சொல்லச் சொன்னேன். முட்டை நாத்தம் வந்தா பயப்படாதே, தானாப் போயிரும். வெண்ணெய் வாடை வந்தா அவசரப்பட்டு அடைச்சுட்டே. காடி வாடைன்னா வாளியைச் சரியாக் கழுவலை, இல்ல காத்துப் போயிருக்கு. மருந்து வாடைன்னா தண்ணியில குளோரின். இன்னும் ஏதோ பச்சை ஆப்பிள், வேகவெச்ச சோளம், மரநாய் மாதிரி ஏதோ ஒரு மிருகம், ஈர அட்டைன்னு போச்சு. பூராவும் கேட்டேன். பெருங்காயம் அதுல இல்லை! அப்ப என்ன அர்த்தம்? இது தானா வந்த வாடை இல்லை. ஆள் போட்ட வாடை. நீங்களே சொல்லுங்க, இதுல என்ன தப்பு?

கராஜுக்குள்ள போற ஆள் ரெண்டே பேரு. ஒண்ணு நான்.

திருமங்கலம் தாண்டிருச்சா? ம். அந்த ஷட்டரைக் கொஞ்சம் இறக்கி விடுங்க சார். இன்னும் கொஞ்சம். எனக்குக் கண்ணு கூசுது.

அவருக்கு அதுல என்ன லாபம்னு கேக்குறீங்களா? என் வீட்டுக்காரியும் இதே கேள்வியைத்தான் கேட்டா. நான் சொன்னேன், அஞ்சு வருஷம் பின்னால போ. கல்யாணம். வாசுதேவநல்லூர் மண்டபம். முதல் பந்தியில உக்காந்து ஒரு வாய் வெச்சேன். "என்ன சம்பந்தி, சாம்பார்ல காயத்தை அள்ளிக் கொட்டிட்டீங்களா?"ன்னு கேட்டேன். தொழில் பாசத்துல கேட்டேன் சார், வேற ஒண்ணுமில்ல. நூறு பேர் திரும்பிப் பாத்தாங்க. அவர் காது சிவந்துபோச்சு. அதை மனசுலயே வெச்சிருந்து, அஞ்சு வருஷம் வெச்சிருந்து, காயத்துக்குக் காயமாவே கணக்கைத் தீத்துட்டார். எனக்குப் புரிஞ்சுபோச்சு.

ஆதாரம் இல்லாம நான் பேச மாட்டேன். அவருக்கு வாயுத் தொந்தரவு. தினம் மோருல ஒரு சிட்டிகை காயம் போட்டுக் குடிப்பார். அவர் அலமாரியில ஒரு மஞ்சள் டப்பா எப்பவும் இருக்கும். வாடை வந்த மறுநாள் போய்ப் பாத்தேன். டப்பாவைக் காணோம்! "எங்க சம்பந்தி உங்க காயம்?"னு யதார்த்தமாக் கேட்டேன். "இப்ப போடுததில்ல சம்பந்தி, விட்டுட்டேன்"னு தரையைப் பாத்துச் சொன்னார். முப்பது வருஷமா குடிக்கிற மனுஷன் திடீர்னு எதுக்கு விடணும்? அதோட விடியக்காலம் எந்திரிச்சு கராஜுக்கும் கூடத்துக்குமா நடப்பார். வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிற மாதிரி ஒரு நடை. மனசுல ஏதோ இருக்கிறவன்தான் அப்படி நடப்பான்னு நினைச்சேன்.

அதனால மூணாவது வாளியில நான் உஷாரானேன். பழுப்பும் வேணாம், பச்சையும் வேணாம். உள்ள என்ன இருக்குன்னே தெரியாத பாட்டில்தானே திருடனுக்கு வசதி? பளிங்கு மாதிரி வெள்ளைக் கண்ணாடி பாட்டிலா வாங்கினேன். எவனாவது ஒரு துணுக்குப் போட்டா அடியில தெரியணும். மூடி மேல அரக்கை உருக்கி ஊத்தி என் மோதிரத்தால அழுத்தினேன். அதைப் பாத்துட்டு சம்பந்தி என்ன பண்ணினார் தெரியுமா? "அரக்க அப்பிடி ஊத்தப்பிடாது சம்பந்தி, சாய்ச்சு ஊத்தணும்"னு வாங்கி, எல்லாத்துக்கும் அவரே ஊத்திக் கொடுத்தார். பாத்தீங்களா? முப்பத்தஞ்சு வருஷம் போஸ்டாபீஸ்ல அரக்கு முத்திரையோட குடித்தனம் பண்ணினவர். முத்திரை உடையாமப் பிரிக்கிற வித்தை அவருக்குத் தெரியாதா? அதையும் கவனிச்சு வெச்சுக்கிட்டேன்.

அன்னைக்கு நான் குளிச்சுட்டு வந்து எண்ணினேன். இருபத்தி நாலு பாட்டில். இருபத்தி நாலையும் கொண்டுபோய் வீட்டு முன்னால கண்ணாடி ரூம் இருக்கு, மூணு பக்கமும் கண்ணாடி, அதுல அலமாரி போட்டு அடுக்கினேன். எதுத்தாப்புல என் நாற்காலி. அங்கிட்டு தை மாசம் நல்ல கோடை. காலையில ஆறு மணிக்கு வெளிச்சம் வந்தா சாயந்திரம் எட்டரை வரைக்கும் போகாது. பூராவும் உக்காந்திருந்தேன் சார். ரெண்டு வாரம். டீயும் அங்கேயே, சோறும் அங்கேயே. பாட்டில் எல்லாம் வெயில்ல தங்கம் மாதிரி மின்னும். ஒரு ஈ உக்காந்தாக்கூட எனக்குத் தெரியும். சம்பந்தி ரெண்டு தடவை வந்து, "இங்க ரொம்ப வெக்கையால்ல இருக்கு, கராஜுல வெச்சிருவமா?"ன்னு கேட்டார். ஏன் கராஜ்? கண்ணுக்கு மறைவா வேணுமா? நகரலை நான்.

மாசி பிறக்குறதுக்கு முன்னால ஒரு ஞாயிறு. பிள்ளைங்க எல்லாரையும் வரச் சொன்னேன். அரக்கைக் காட்டினேன், என் மோதிர அச்சைக் காட்டினேன். உடைச்சேன். மோந்தேன்.

காயம். முன்னைவிட நாலு மடங்கு! அடுத்த பாட்டில் காயம். அடுத்ததும் காயம். முத்திரை அப்படியே இருக்கு சார், உள்ள காயம்! பிள்ளைங்க டம்ளரை ஓரமா வெச்சாய்ங்க. எனக்கு அப்ப எப்படி இருந்துச்சுன்னா, அம்மணமா நிறுத்தின மாதிரி இருந்துச்சு. அதை நான் மறைக்கலை.

சுபா வந்து ஒரு டம்ளரை எடுத்து மோந்து பாத்துச்சு. "மாமா, இது காயமே இல்ல. எனக்குக் காய வாடை பட்டாலே இப்ப வாந்தி வருது. இதுக்கு வரலையே"ன்னுச்சு. மூணு மாசம் அப்ப. நான் என்ன நினைச்சேன்? அப்பனைக் காப்பாத்தப் பொண்ணு வாந்தியை அடக்கிக்கிட்டு நிக்குதுன்னு நினைச்சேன். நினைக்கிறதை மனசோட வெச்சுக்கலை, சொல்லிட்டேன்.

அப்புறம் சம்பந்தியைப் பாத்து நேராக் கேட்டேன். "நான் ஒண்ணும் போடல சம்பந்தி"ன்னார். அப்ப நான் ஒரு சத்தியம் பண்ணச் சொன்னேன். பண்ணலை. எந்திரிச்சு உள்ள போயிட்டார். நாலாம் நாள் பிளைட் ஏறிட்டார். அம்புட்டுதான்.

என்ன சத்தியமா? அதை விடுங்க. ஒரு பேச்சுக்குச் சொன்னது.

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துருச்சு. பால்கோவா வாங்குறீங்களா? வேணாமா. எனக்கும் வேணாம். வெறுங்கையோட போகக் கூடாதுதான், ஆனா கொண்டுபோறது இந்தப் பையில இருக்கு.

எங்க விட்டேன்? ஆங். அவர் போனதும் நான் நின்னுட்டேன்னு நினைக்காதீங்க. ஒரு பாட்டிலைத் தூக்கிக்கிட்டு, பீர் சாமான் விக்கிற கடைக்கு மகனோட போனேன். வெள்ளைக்காரன், தாடி வெச்ச ஆள். அவன் வாயால "இதுல ஏதோ கலந்திருக்கு"ன்னு சொல்ல வெச்சுரணும்னு. அவன் ஒரு தடவைதான் மோந்தான். சிரிச்சான். பாட்டிலைத் தூக்கிக் காட்டினான், அப்புறம் வாசல்ல அடிக்கிற வெயிலைக் கையை நீட்டிக் காட்டினான். மகன் சொன்னான், "அப்பா, வெயில் பட்டா அந்தப் பூவோட கசப்பு மாறி இந்த வாடை வந்துருமாம். அதுக்குத்தான் பீரைப் பழுப்பு பாட்டில்ல அடைக்கிறாங்களாம். பச்சையில கொஞ்சம் வரும், வெள்ளைக் கண்ணாடியில அரை நாள் போதுமாம். புத்தகத்துல மரநாய் மாதிரின்னு போட்டிருந்ததே, அது இதுதானாம். யாரும் எதுவும் போடலை."

நான் நம்புவேனா? முப்பத்தோரு வருஷம் காயத்தை மதுரை வெயில்ல காயப் போட்டவன் நான். வெயிலுக்கு வாசனையை எடுக்கத் தெரியும். கொடுக்கத் தெரியுமா? அவன் இங்கிலீஷ்ல என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாது. என் மகன் மாமனார் பக்கம் சாஞ்சு மாத்திச் சொல்றான்னு முடிவு பண்ணிட்டேன். வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் அவன்கிட்டயும் பேசலை.

அப்புறம் சுபா சொல்லுச்சு. அதாவது என்கிட்டச் சொல்லலை, என் வீட்டுக்காரிகிட்டச் சொல்றதை நான் கேட்டேன். அந்த மஞ்சள் டப்பாவைக் குப்பையில போடச் சொன்னதே அதுதானாம். வாந்தி தாங்கலைன்னு. அவர் மக முகத்தைப் பாத்துட்டு அன்னைக்கே விட்டுட்டார். வாயு பிடிச்சு விடியக்காலம் தூக்கமில்லாமத்தான் நடந்திருக்கார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? "மகளுக்கு ஆகலை, அதான் விட்டேன்"னு ஒரு வார்த்தை. தரையைப் பாத்துப் பேசினா யாருக்குத்தான் சந்தேகம் வராது?

சரி. இதுக்குமேல வர்றதுதான் விஷயம்.

போன மாசம் அவர் ரூம் அலமாரியை என் வீட்டுக்காரி ஒதுங்க வெச்சா. அடித்தட்டுல, அவர் பழைய வேட்டியில சுத்தி, நாலு பாட்டில். என் அரக்கு, என் மோதிர அச்சு. மூணாவது வாளி பீர். நான் குதிச்சேன். பாத்தியா, திருட்டு! அன்னைக்கு நான் குளிக்கப் போனப்ப இருபத்தெட்டுல நாலை ஒதுக்கியிருக்கார்! வேட்டியைப் பிரிச்சா உள்ள ஒரு சீட்டு. அந்த முத்து எழுத்து. "பேரப்பிள்ளை பிறக்கும் நாளுக்கு. இரண்டு தாத்தாக்களும் குடிக்க."

நான் நாற்காலியில உக்காந்துட்டேன்.

ஆனா கவனிக்கிற ஆள் இல்லையா நான். உக்காந்தபடியே யோசிச்சேன். எல்லாத்துலயும் காயத்தைப் போட்டுட்டு இந்த நாலை மட்டும் நல்லதா வெச்சிருக்காரோ? ஒண்ணை உடைச்சேன். மோந்தேன். பூ வாசம், சார். முதல் வாளி மாதிரியே. ஒரே வாளி, ஒரே நாள், ஒரே அரக்கு. இது மட்டும் இருட்டுல இருந்துருக்கு.

மகன்கிட்டச் சொல்லலை. யாருக்கும் சொல்லலை. இன்னொரு பாட்டிலை எடுத்துக் கண்ணாடி ரூம்ல வெச்சேன், வெயில் படுற இடமாப் பாத்து. எதுத்தாப்புல உக்காந்தேன். கண்ணை எடுக்கலை. ஒண்ணுக்குக்கூடப் போகலை. சம்பந்தி கடலுக்கு அங்கிட்டு வாசுதேவநல்லூர்ல இருக்கார். மகன் ஆபீஸ்ல. சுபா ஆஸ்பத்திரி செக்கப்புக்குப் போயிருச்சு. காலையில இருந்து மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் அந்த பாட்டில் பக்கத்துல ஒரு ஈ காக்கா வரலை. ரெண்டு மணிக்கு அரக்கை உடைச்சேன்.

காயம்.

அந்த நேரத்துல நான் என்ன பண்ணினேன்னு சொல்லட்டுமா? வெக்கமாத்தான் இருக்கு. திரும்பி, அடுப்படியில நின்ன என் வீட்டுக்காரியைப் பாத்தேன். இவ எப்ப வந்து போட்டான்னு. நாப்பது வருஷம் கூட வாழ்ந்தவ சார். அவளும் என் கண்ணைப் பாத்தா. கையில இருந்த கரண்டியை வெச்சுட்டு, "என்னையுமா?"ன்னு கேட்டா. அவ்வளவுதான் கேட்டா.

ராஜபாளையம் எப்பப் போச்சு? சிவகிரியே வந்துருச்சா!

மிச்சம் ரெண்டு பாட்டில். மடியில இருக்கே, இதுதான். அதே வேட்டியில சுத்தி, அதுக்கு மேல என் கறுப்பு ஜமுக்காளத் துணி. காத்து ஆகாதுன்னு சொன்னது பொய்தான் சார். கண்ணு கூசுதுன்னதும் பொய். ஜன்னல் பக்கம் வெயில் விழும், அதான் உங்களை உக்கார வெச்சேன். தப்பா நினைக்காதீங்க, உங்க மேல வெயில் பட்டா ஒண்ணும் ஆகாது.

அவர்கிட்ட என்ன பேசணும்னு பிளைட்லயே ஒத்திகை பாத்துட்டேன். "சம்பந்தி, உங்க மேலயும் தப்பில்லை, என் மேலயும் தப்பில்லை. எல்லாம் வெயில் பண்ணின வேலை. இந்தாங்க உங்க ரெண்டு பாட்டில், கிளம்புங்க, சுபா காத்துக்கிட்டிருக்கு." எப்படி? ரெண்டு பேருக்கும் மரியாதை குறையாம இருக்குல்ல? வெயில் மேல பழியைப் போட்டா அது என்ன கேஸா போடப் போகுது?

என்ன சார்? சிரிக்கவும் மாட்டேங்கிறீங்க.

திரும்பவும் அந்தச் சத்தியத்தையே கேக்குறீங்க. விட மாட்டீங்க போல.

பொண்ணு வயித்துல கையை வெச்சு சத்தியம் பண்ணச் சொன்னேன்.

ஆமா. அந்த வயித்துல. அத்தனை பேர் முன்னால. "நீங்க போடலைன்னா உங்க பேரப்பிள்ளை மேல சத்தியம் பண்ணுங்க"ன்னு சொன்னேன். சுபா ரெண்டு கையாலயும் வயித்தை மூடிக்கிச்சு. அவங்கப்பன் கை வந்துருமோன்னு இல்ல சார். என் வாய்க்குப் பயந்து. சம்பந்தி என்னையே பாத்தார். "ஒரு கிளாஸ் பீருக்கா சம்பந்தி பிள்ளைய இழுக்கீய?"ன்னார். அது எனக்கும் பேரப்பிள்ளைதானே? அது அப்ப என் புத்தியில இல்லை. மூக்குல இருந்த காயம் மட்டும்தான் இருந்துச்சு. சீட்டுல அவர் ரெண்டு தாத்தான்னு எழுதி வெச்சிருக்கார். அதை எழுதினதுக்கு ரெண்டு வாரம் கழிச்சு நான் இதைச் சொல்லியிருக்கேன்.

இதுக்கு வெயிலைச் சொல்ல முடியாதுல்ல?

முடியாது. எனக்கே தெரியுது. ஒத்திகையில இந்த இடம் வரும்போதெல்லாம் நான் தாண்டித் தாண்டித்தான் போறேன். நீங்க நிறுத்திட்டீங்க. நல்ல ஆள் சார் நீங்க. சொல்லுங்க, நிஜமாவே அவர் உங்களுக்குச் சொந்தமில்லையே?

சரி சரி. கோவிச்சுக்காதீங்க, பழக்கம்.

இந்தா, விசில் அடிக்கிறான். இறங்குறேன்யா, இறங்குறேன், கொஞ்சம் பொறு. சார், அந்தத் துண்டை எடுங்க, உங்களுக்குப் பின்னால விழுந்திருக்கு. தலைக்கு இல்ல, பைக்கு. வெளியில சுள்ளுனு அடிக்குது பாருங்க. அவர் வீட்டுக்கு ஸ்டாப்புல இருந்து பத்து நிமிஷ நடை. என்னைப் பாத்ததும் கதவைச் சாத்திருவார், எனக்குத் தெரியும். சாத்தட்டும். பையை மட்டும் நிழலாப் பாத்து வெச்சுட்டு, அவர் திறக்கிற வரைக்கும் நான் வெயில்லயே நிக்கிறேன்.